மருந்துத் துண்டோடு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்

வடக்கு மாகாண சுகாதார, கல்வி அமைச்சுகளின் செயலாளர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் துணுக்காய் கல்வி வலயத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். கவனக்குறைவு, அடங்காத துருதுருப்பு என்று வெளியில் தெரியும் ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவனுக்கு அக்கா. இந்த இரண்டு உறவாலும் இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் உறுதிப்படுத்திய பிள்ளைக்கும் பெரியவருக்கும், மருந்தோடு சேர்த்து, தமிழில், கிழமைக்கு ஒருமுறை, ஒரு நாள் கூலியை இழக்காமல் போய்வரக்கூடிய தூரத்தில் உளச்சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மல்லாவியில் இருந்து ஒரு தாய் விடிய எழும்பிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கோ வவுனியா பஸ்ஸுக்கோ காத்து நிற்கிறாள். கிளினிக்கில் சனம் நிரம்பி வழிகிறது. மருத்துவர் நல்லவர், களைத்தவர். பத்து நிமிடமும் கதைக்க முடியாது. அடுத்த மாதத்துக்கான மருந்துத் துண்டு கைக்கு வருகிறது. வீட்டில் என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் ஆரோடு கதைப்பது, பின்னேரம் அவன் தங்கச்சியைத் தள்ளி விழுத்தினால் என்ன சொல்வது என்று கேட்க வந்த கேள்விகள் எல்லாம் அவளோடேயே திரும்பிப் பஸ் ஏறுகின்றன.

ஏ.டி.எச்.டி. என்பது வளர்ப்புப் பிழையால் வருவதில்லை. சீனி கூடத் தின்பதாலும் வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. பெரும்பகுதி பரம்பரையாக வருவது. ஒன்றை நினைத்து அதில் நிலைத்து நிற்பது, கையை அடக்குவது, காத்திருப்பது, நேரத்தைக் கணிப்பது, தொடங்கியதை முடிப்பது ஆகிய எல்லாவற்றையும் நடத்துகிற பகுதி மற்றவர்களைவிடப் பிந்தியும் வேறு மாதிரியும் வேலை செய்கிறது. உலக அளவில் பிள்ளைகளில் 100க்கு 5 பேர் அளவில் இது காணப்படுகிறது. என் வகுப்பில் 20 பேர் இருந்தால் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் எப்போதும் மேசையில் ஏறி நிற்கும் பெடியன்தான் என்றில்லை. யன்னலோரம் சத்தமில்லாமல் இருந்து, கொப்பியில் திகதியை மட்டும் எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை எங்கோ போய்விடுகிற பெண்பிள்ளையும் அவர்தான். அவளால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. அதனால் அவளை ஒருவரும் எங்கும் அனுப்புவதுமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வரும்போது "மந்தம்" என்று ஒரு சொல்லில் அவளின் கதை முடிந்துவிடுகிறது.

வன்னியில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. என் தம்பி 1998இல் பிறந்தவன். 2009இல் அவனுக்கு 11 வயது. பள்ளிக்கூடம், இடப்பெயர்வு, பங்கர், முகாம் என்று அவனது பிள்ளைக்காலம் போனது. மீள்குடியேறி வந்த பிறகு அவன் கொப்பியைத் தொலைத்தால், பாதியில் எழும்பிப் போனால், சின்ன விசயத்துக்குக் கத்தினால், எல்லாரும் சொன்னது ஒன்றே: "பாவம், சண்டைக்குள்ள இருந்து வந்த பிள்ளை." அதில் அன்பு இருந்தது. உண்மையும் ஓரளவு இருந்தது. ஆனால் அந்த ஒரு வசனம் அவனது இருபதுகளின் பாதிவரை அவனுக்கு வைத்தியம் கிடைக்காமல் தடுத்தது.

கடைசியில் அவனைப் பார்த்த உளமருத்துவ நிபுணர் அம்மாவிடம் சண்டையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு, ஷெல் விழாத அந்த வருடங்களில், இவன் நேசரிக்குப் போகும்போது எப்படி இருந்தான் என்று கேட்டார். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நேசரி ரீச்சர் நாளுக்கு நாள் முறைப்பாடு சொன்னது, கிணற்றுக்கட்டில் ஏறியது, சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்பது நோயறிதலின் நிபந்தனை. எங்கள் மண்ணில் அந்தக் கேள்வியை எந்த வருடத்தை வைத்துக் கேட்பது என்று தெரிந்த ஒரு மருத்துவர் அவனுக்குக் கிடைத்தார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், பேரதிர்ச்சியும் ஏ.டி.எச்.டி.யும் வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பயந்த பிள்ளைக்கும் கவனம் நிற்காது. நித்திரை இல்லாத பிள்ளைக்கும் நிற்காது. குடித்துவிட்டு வரும் தகப்பனின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கேட்க முடியாது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, இரத்தச்சோகை எல்லாம் இதே வேடத்தில் வரும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம் என்பதுதான் இன்னும் கடினம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது கண்ணையும் பல்லையும் நிறையையும் பார்ப்பதுபோல, வகுப்பாசிரியரிடம் கவனத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டால் இப்படியான பல பிள்ளைகள் அங்கேயே கண்ணில் படுவார்கள். இன்றைக்கு என் வகுப்பில் இருப்பவர்கள் 2009க்குப் பல வருடம் பின்னால் பிறந்தவர்கள். அவர்களுக்கும் "சண்டைதான் காரணம்" என்று சொல்லிப் பழக்கப்பட்டுவிட்டோம்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். உளவளத்துணை என்றவுடன் ஒரு அறையில் இருந்து மனதில் உள்ளதை அழுது சொல்வது என்று எங்கள் சனம் நினைக்கிறது. சண்டைக்குப் பிறகு அதற்குத் தேவை இருந்தது. அதைச் செய்தவர்களுக்கு இந்த மண் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் ஏ.டி.எச்.டி.க்கான சிகிச்சை பெரும்பாலும் பயிற்சி. சிறு பிள்ளையென்றால் அது பிள்ளைக்குக் கொடுக்கும் பயிற்சிகூட இல்லை, பிள்ளையை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியைத்தான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பயிற்சிக் குழுவே முதல் சிகிச்சை என்று பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது? "புத்தகத்தை எடுத்து வை, முகத்தைக் கழுவு, சட்டையை மாத்து, படிக்க வா" என்று நாலு கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாமல், பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்வது. செய்து முடித்த அந்த நொடியிலேயே, என்ன செய்தான் என்று பெயர் சொல்லிப் பாராட்டுவது. "நல்ல பிள்ளை" என்பது போதாது. "சொன்ன உடனே செருப்பை உள்ளுக்குள்ள வைச்சிட்டாய், நல்லது" என்று சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருவேன் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளின் மூளைக்கு எட்டாது. இன்று பின்னேரம் சுவரில் ஒட்டும் ஒரு நட்சத்திரம் எட்டும். சின்னச் சின்னக் குழப்படிகளைக் கண்டும் காணாமல் விடுவது, அடிபிடி போன்றவற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்த விளைவை ஒவ்வொரு முறையும் மாறாமல் கொடுப்பது. இன்றைக்கு அடி, நாளைக்கு ஐஸ்கிரீம் என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், திருத்தாமல், கேள்வி கேட்காமல், அவன் விளையாடுவதை அவனோடு இருந்து விளையாடுவது.

வாசிக்க இலகுவாக இருக்கும். நாள் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு வந்த ஒரு தாய் இதைச் செய்வது இலகுவல்ல. அதனால்தான் ஒருமுறை கருத்தரங்கு வைத்துத் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் போதாது என்கிறேன். ஒரு கிழமை செய்து பார்த்து, பிழைத்து, அடுத்த கிழமை வந்து சொல்லி, மற்றத் தாய்மாரிடம் கேட்டு, திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதமாவது அப்படி ஓட வேண்டும். மாதம் ஒருமுறை தண்ணீர் விட்டால் எந்த வயல் விளையும்?

வளர்ப்பவர்கள் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். வன்னியில் பல வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருப்பார், அல்லது தகப்பன் இல்லாத வீட்டில் தாய் ஒருத்தியே உழைக்க வேண்டியிருக்கும். பயிற்சிக் குழுவுக்கு "தாய் தகப்பன் இருவரும் வர வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டால் முதல் நாளே பாதிக் கதிரை வெறுமையாக இருக்கும். அம்மம்மாவைக் கூப்பிடுங்கள், மாமாவைக் கூப்பிடுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். முன்பள்ளிக் கட்டடத்தில், கிராம அபிவிருத்திச் சங்க மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்து நூல் கட்டி வரும் தாயைக் குறை சொல்லி அனுப்பாதீர்கள். அவளது நேர்த்தியும் நட்சத்திர அட்டையும் ஒரே சுவரில் இருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே தேவை. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஆசிரியரின் அடியால் கேட்கும் திறனை இழந்த ஒரு மாணவனின் வழக்கில், அது சித்திரவதைக்கு எதிரான அடிப்படை உரிமையை மீறுவது என்று 2021இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நான் இரண்டையும் முழு மனதாக ஏற்கிறேன். ஆனால் பிரம்பை வைத்துவிட்டு எதை எடுப்பது என்று எங்களுக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. கை வெறுமையாக நிற்கும் ஆசிரியர் கத்துகிறார், வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார், அல்லது கடைசி வாங்கில் இருத்திவிட்டு மறந்துவிடுகிறார். கடைசி வாங்கு ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு இருக்கக்கூடிய மிக மோசமான இடம்.

நடத்தைச் சிகிச்சையில் வகுப்பறைக்கென்றே ஒரு நல்ல கருவி உண்டு: நாளாந்தக் குறிப்பு அட்டை. பிள்ளைக்கு இரண்டு மூன்று இலக்குகள் மட்டும். கேட்ட கேள்விக்குக் கையை உயர்த்திப் பதில் சொல்வது, கணக்கில் முதல் ஐந்தை முடிப்பது, இடைவேளைக்குப் பிறகு சண்டை பிடிக்காமல் வந்து இருப்பது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் ஒரு குறி போடுகிறார். பின்னேரம் அட்டை வீட்டுக்குப் போகிறது. இலக்கை எட்டினால் வீட்டில் முன்பே பேசி வைத்த சின்னச் சலுகை. இதற்கு ஒரு கொப்பி மட்டை போதும். என் வகுப்பில் இதைச் செய்கிறேன். முன்வாங்கு, வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, கரும்பலகை துடைக்கவும் கொப்பி அடுக்கவும் அவனையே எழுப்பி விடுவது ஆகியவற்றோடு சேர்த்துச் செய்யும்போது வேறுபாடு தெரிகிறது. அதைவிட முக்கியமான ஒன்று, பின்னேரம் வீட்டுக்குப் போகும் செய்தி மாறுகிறது. முந்தி ஒவ்வொரு நாளும் முறைப்பாடு போனது. இப்போது சில நாட்களில் நல்ல செய்தியும் போகிறது. அந்தத் தாய் என்னைக் கண்டால் இப்போது பாதை மாறிப் போவதில்லை.

மருந்து பற்றி நேராகச் சொல்ல வேண்டும். மருந்து வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதுபவர்கள் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறார்கள். மெதைல்பெனிடேற் போன்ற மருந்துகள் கவனக்குறைவையும் அடங்காத துருதுருப்பையும் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியைவிட வலுவானவை. வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளிவந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. அதே ஆய்வில், இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. பதகளிப்பு, பெற்றோரோடு உள்ள உறவு போன்றவற்றில் சேர்ந்த சிகிச்சைக்கு நன்மை இருந்தது. மருந்து பிள்ளையைக் கதிரையில் இருக்க வைக்கும். கதிரையில் இருந்து என்ன செய்வது என்பதைப் பயிற்சிதான் சொல்லிக் கொடுக்கும். இன்னொன்று, 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்பத்திரி வாசல்களில் நடந்ததை எல்லாரும் கண்டோம். குளிசையை மட்டும் நம்பி இருக்கும் குடும்பம், அது கிடைக்காத கிழமை முழுவதும் வெறுங்கையோடுதான் நிற்கும்.

பெரியவர்களை எங்கள் திட்டங்கள் முற்றாக மறந்துவிட்டன. பிள்ளையாக இருக்கும்போது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பலருக்கு அது வளர்ந்த பிறகும் தொடர்கிறது. மேசையில் ஏறுவது நின்றுவிடும். உள்ளே ஓட்டம் நிற்காது. என் தம்பி உழவு இயந்திரம் திருத்துகிறான். கை வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஆனால் ஒரு எஞ்சினைப் பாதியில் பிரித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவான். சொன்ன நாளில் கொடுக்கமாட்டான். காசை வாங்கியதை எழுதி வைக்கமாட்டான். யோசிக்காமல் மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் எடுத்தான், கட்டுவதற்கு இன்னொரு கடன் எடுத்தான். சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று கேட்டுக் கேட்டு அவனே அதை நம்பிவிட்டான். இப்படியானவர்கள் வீதி விபத்திலும் போதையிலும் சிக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. ஏ9 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள்கள் போகும் வேகத்தையும், எங்கள் ஊர்களுக்குள் கஞ்சாவும் ஐஸ் போதைப்பொருளும் வந்து சேர்ந்திருப்பதையும் அறிந்த உங்களுக்கு நான் மேலும் சொல்லத் தேவையில்லை.

அவனுக்குக் கிடைத்தது, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் தமிழர், பொறுமைசாலி. முதல் சில அமர்வுகளை நேரிலும், பிறகு போனில் முகம் பார்த்தும் செய்தார். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கொப்பி, ஒரே ஒரு கலண்டர். நாலு துண்டில் எழுதுவது, உள்ளங்கையில் எழுதுவது எல்லாம் நிறுத்தம். "எஞ்சினை முடி" என்று எழுதக்கூடாது; "கஸ்கட்டை வாங்கு, போல்ட்டுகளைக் கழுவு, தலைப்பகுதியைப் பூட்டு" என்று பிரித்து எழுத வேண்டும். உண்மையில் எத்தனை நிமிடம் கவனம் நிற்கிறது என்று அளந்து பார்த்து, அந்த அளவுக்கு அலாரம் வைத்து வேலை, பிறகு சின்ன ஓய்வு. இடையில் வேறு யோசனை வந்தால் எழும்பி ஓடாமல் கொப்பியின் ஓரத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்வது. வேலை முடிந்ததும் அதை வாசித்துப் பார்த்தால் முக்கால்வாசி அவசரமானதாக இருக்காது. கடன் எடுக்கும் முடிவு என்றால் ஒரு இரவு தாண்ட வேண்டும், ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். அதோடு, "நான் எதுக்கும் உதவாதவன்" என்று மனதில் ஓடும் வசனத்தைப் பிடித்து, அது உண்மையா என்று சான்றோடு கேட்டுப் பார்ப்பது. மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பெரியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், இப்படியான 12 அமர்வுகளைப் பெற்றவர்கள், உடலைத் தளர்த்தும் பயிற்சியும் விளக்கமும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள்.

தம்பிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் கொப்பியைத் தொலைக்கிறான். தேடி எடுத்துத் திரும்பத் தொடங்குகிறான். கடனைக் கட்டி முடித்துக்கொண்டு வருகிறான். வீட்டில் கத்துவது குறைந்திருக்கிறது. மனைவி பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அதில் தங்கியிருந்தது. சிகிச்சை ஏ.டி.எச்.டி.யை இல்லாமல் ஆக்காது. அதோடு வாழ வழி காட்டும். இடையிடையே திரும்பப் பயிற்சியும் வேண்டும். விட்டால் பழையபடி வரும். இதையும் ஆரம்பத்திலேயே சனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிழமையில் மாறும் என்று வருகிறவர்கள் இரண்டாம் கிழமை வரமாட்டார்கள்.

ஆள் இல்லை, காசு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நிபுணர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் பெற்றோர் பயிற்சிக் குழுவை நடத்த உளமருத்துவ நிபுணர்தான் வேண்டும் என்றில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவ அலுவலர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிராமத்தின் படலையும் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வலயங்களில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்களும் ஆசிரிய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் ஏற்கெனவே அரச சம்பளத்தில் இருப்பவர்கள். ஒரே பிள்ளையைப் பற்றி ஒருவரோடொருவர் கதைக்காதவர்கள். ஏனென்றால் சிலர் சுகாதாரத்தின் கீழ், சிலர் கல்வியின் கீழ், சிலர் பிரதேச செயலாளரின் கீழ். அந்தச் சுவரை உடைக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. அதனால்தான் ஒரே மடலை உங்கள் எல்லோருக்கும் முகவரியிட்டேன்.

இவர்களில் விருப்பமுள்ளவர்களைத் தெரிந்து, முறையாகப் பயிற்றுவித்து, மாதம் ஒருமுறையாவது ஒரு நிபுணர் அவர்களது வேலையைக் கேட்டுத் திருத்தும்படி ஒழுங்கு செய்யுங்கள். அந்த மேற்பார்வை இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் ஆறு மாதத்தில் தேய்ந்து போகும். அது போனிலும் நடக்கலாம். பெரியவர்களின் அமர்வுகளையும் போனில் செய்யலாம். ஆனால் சிக்னல் இல்லாத ஊர்களுக்கு யாராவது நேரில் போகத்தான் வேண்டும். பயிற்சிக் கையேட்டைத் தமிழில், எங்கள் பேச்சில் எழுதுங்கள். கொழும்பில் இருந்து வரும் மொழிபெயர்ப்பை வாசித்து எந்தத் தாயும் தன் பிள்ளையை அதில் கண்டதில்லை. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருப்பதுகூட எங்கள் பெற்றோர் பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூட அறிவித்தல் பலகையில் அதை எழுதி வைக்கக் காசு தேவையில்லை.

அடுத்த தவணை தொடங்குவதற்கு முன், துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு என்று வன்னியின் ஒவ்வொரு வலயத்திலும் ஒரு பெற்றோர் குழுவையாவது தொடங்கிக் காட்டுங்கள். மல்லாவியில் தொடங்குவதென்றால் மண்டபத் திறப்பை எடுத்துத் தருவதும், தாய்மாரை வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவதும், அவர்கள் கதைக்கும் நேரத்தில் பிள்ளைகளை முற்றத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. இரண்டு அமைச்சுகளும் கூடிக் கதைக்கும் திகதியையும், அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவியையும் எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
துணுக்காய் வலயத்தில் இருந்து,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்